சாயமும் சாக்கடையும்: நொய்யலோடு ஒரு பயணம்

நொய்யல் ஆற்றின் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களைத் தொட்டுவிட்டு, நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரில் காவிரியில் சேர்கிறது. காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பெரிய வாய்க்கால்தான். ஆனால் தொழிலால் செழித்த ஊர் தன் ஆற்றை எப்படிக் கெடுக்கும், கெடுத்த பிறகு எவ்வளவு பாடுபட்டு எவ்வளவு தூரம் மீட்கும் என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு நம் பக்கத்தில் இல்லை. மாசிக் கடைசியில் நண்பர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மேற்கிலிருந்து கிழக்கே போனேன். கோடையைத் தேர்ந்தெடுத்தது வேண்டுமென்றேதான். மழைக்காலத்தில் எல்லா ஆறும் நல்ல ஆறாகத் தெரியும்.

பேரூர்ப் படித்துறையில் ஆறு வறண்டு கிடந்தது. காஞ்சிமாநதி என்று பழைய பெயர் சொல்லிக் கும்பிடுகிற இடம். திதி கொடுக்க வந்தவர்கள் குழாயடியில் பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணலில் நான்கு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தென்மேற்குப் பருவமழை வந்தால் இதே இடத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும் என்றார் பூக்கடைக்காரர். மலையில் மழை இல்லையென்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; மழையை நம்பிய ஆற்றின் இயல்பே அதுதான்.

அங்கிருந்து கோவையின் தெற்கு ஓரமாகவே போய் நஞ்சுண்டாபுரம் பக்கம் இறங்கிப் பார்த்தால் ஆறு ஓடுகிறது! மேலே சொட்டு இல்லை, நடுவில் ஊற்று இல்லை, மழை பெய்து மாதக்கணக்காகிறது. இருந்தும் கணுக்கால் ஆழத்துக்கு, கறுப்பாக, சளசளவென்று ஓடுகிறது. நாற்றம் பாலத்துக்கு முன்பே வந்து வரவேற்றுவிட்டது. கோவைக்காரர்கள் குளித்த, துவைத்த, கழுவிய தண்ணீர்தான் அது. சிங்காநல்லூர் பக்கம் சங்கனூர் பள்ளமும் வந்து சேர்கிறது. வட கோவையின் மழைநீரை வடிக்க இயற்கை போட்டுவைத்த ஓடை அது. இப்போது வீட்டுச் சாக்கடைகளை வாங்கிக்கொள்கிற வேலையைப் பார்க்கிறது. கோடையில் நொய்யலின் ஊற்றுக்கண் வெள்ளிங்கிரி இல்லை, கோவை மாநகரம்தான்.

இந்த ஊரின் குளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தொடங்கி, ஆற்று வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பி, ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததுக்குப் போகிற மாதிரி கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று கோத்து வைத்திருந்தார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அவற்றில் சிலவற்றின் கரைகள் அழகாகிவிட்டன. நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் இடம். மாலையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நல்லதுதான், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கரைக்குச் செலவழித்த அக்கறையில் பாதியைக்கூடக் குளத்துக்குள் வந்து விழுகிற குழாய்களிடம் காட்டியதாகத் தெரியவில்லை. ஆகாயத்தாமரை அதைத்தான் சொல்கிறது. சாக்கடைச் சத்து இல்லாத குளத்தில் அது அப்படிக் கொழிக்காது.

கோவையில் சுத்திகரிப்பு நிலையமே இல்லையா என்றால், இருக்கிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் திறனோடு ஒன்று ஓடுகிறது. நிலையம் கட்டுவது எளிது, கல்வெட்டும் வைக்கலாம். ஒவ்வொரு வீட்டுச் சாக்கடையையும் பாதாளக் குழாயில் இணைத்து அந்த நிலையம்வரை கொண்டுசேர்ப்பதுதான் கடினம். தெருவைத் தோண்ட வேண்டும், இணைப்புக்கட்டணம் வாங்க வேண்டும், கவுன்சிலர் முதல் கடைக்காரர் வரை திட்டு வாங்க வேண்டும். அது முடியாதவரை மழைநீர் வடிகாலே சாக்கடை, சாக்கடையே ஆறு.

2017 செப்டம்பரில் நொய்யலில் நுரை பொங்கிக்கொண்டு வந்தபோது, மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வருகிற நுரை என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் சொன்னார். தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தவன்தான். சாயப்பட்டறைகளைக் காப்பாற்றச் சொன்ன சாக்கு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நஞ்சுண்டாபுரம் தண்ணீரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. சோப்பு நுரை என்பது சரியாகவே இருக்கட்டும். கோடிக்கணக்கான லிட்டர் சோப்புத்தண்ணீர் சுத்தம் செய்யப்படாமல் ஆற்றுக்கு எப்படி வந்தது என்ற அடுத்த கேள்வியைத்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

சூலூர், சோமனூர், சாமளாபுரம். விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள், இடையிடையே தென்னந்தோப்பு. சாமளாபுரம் குளத்தில் நாரைகள் நின்றன. நேராக மங்கலம் வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்தோம்.

திருப்பூரைப் பற்றிச் சொல்ல உப்பிலிருந்து தொடங்க வேண்டும். பருத்தித் துணி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல்பரப்பு எதிர்மின்னேற்றம் பெறுகிறது. பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் உள்ளதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் துணியோடு ஒட்டவைக்க உப்பு வேண்டும்: சாதாரண உப்போ, சோடியம் சல்பேட் என்கிற கிளாபர் உப்போ. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத்தண்ணீரில் 80 கிராம்கூடப் போடுவார்கள். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும். பட்டறைக்குள் லாரியில் எத்தனை டன் உப்பு வந்ததோ அத்தனை டன்னும் சாயக்கழிவோடு நொய்யலுக்குப் போனது. நகரத்தில் 700-க்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் பட்டறைகள் இருந்த காலத்தில் நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் கழிவு வெளியேறியது.

1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் கலக்கினார்கள். நிறம் கசடாக அடியில் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். கரைந்த உப்பு இந்த முறையில் கொஞ்சமும் குறையாது. சேர்க்கிற ரசாயனத்தால் கூடவே செய்யலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. தாளில் இருந்த அந்த எண்ணுக்கும் வாய்க்காலில் ஓடிய தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

சட்டம் பேசத் தெரிந்திருந்தவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயிகள்தான். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு: கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது, அதுவரை வெளிவிடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம், தாமதித்தால் 8, பிறகு 10. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதையே உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவானது.

அந்த நாட்களைப் பற்றித் திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் முதலில் பேச்சு நிற்கிறது. பிறகு ஆளுக்கொரு கதை. வேலையிழந்து ரயிலேறிய வெளியூர்க்காரர்கள், வேறு மாவட்டங்களுக்கு ராவோடு ராவாக அனுப்பப்பட்ட துணி, அங்கே முளைத்த திருட்டுப் பட்டறைகள். திருப்பூர் சுத்தமானபோது அழுக்கில் ஒரு பகுதி நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் குடிபோனது என்பது உண்மை. பூட்டியது தவறு என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. பூட்டாமல் இருந்திருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள் என்பதற்கு அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளே சாட்சி.

பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் கூட்டாகச் செலவழித்தன. நிலையங்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கின. அப்படி ஒன்றைப் பார்க்க நண்பர் அனுமதி வாங்கியிருந்தார்.

வாசலில் சோதனைக்கூடம். ஜன்னலோரமாகக் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் குடுவையில் பட்டறையிலிருந்து வந்தபடியே உள்ள தண்ணீர். வெளிச்சம் ஊடுருவாத ஊதா. இரண்டாவது, நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்தது. வெளிறிய தேநீர் நிறம். வடிகட்டிகளைத் தாண்டிய மூன்றாவது இளமஞ்சள். நான்காவதில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. “இது ஆர்.ஓ. தண்ணிங்க. பட்டறைக்கே திரும்பக் குழாயில போயிரும்” என்றார் பொறுப்பாளர். கடைசியில் ஒரு குடுவை தனியாக இருந்தது. கலங்கிய பழுப்பு, குலுக்கினால் கெட்டியாக அசைந்தது. “இதாங்க எங்களுக்குத் தலைவலி. நாலாவது குடுவையில இல்லாத உப்பெல்லாம் இதுலதான் இருக்குது.”

அந்தக் கடைசிக் குடுவைக்காகத்தான் பின்னால் ஒரு தொழிற்சாலையே நின்றது. விறகில் ஓடும் பாய்லர், ஆள் உயரக் குழாய்கள், மூன்று மாடி உயரத்துக்கு எவாப்பரேட்டர். ஆர்.ஓ. கழித்த உப்புநீரைக் கொதிக்கவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, மிச்சத்தைக் குளிரவைத்தால் கிளாபர் உப்பு படிகமாக இறங்குகிறது. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். ஈரமான, லேசாக மஞ்சள் தட்டிய பரல்கள். பட்டறைகள் அதையும் திரும்ப வாங்கிச் சாயத்தொட்டியிலேயே போடுகின்றன. சில நிலையங்களில் உப்புநீரையே சுத்தம் செய்து நேராகப் பயன்படுத்தும் முறையும் வந்திருக்கிறது. கொதிக்கவைக்கும் செலவு மிச்சம். மீட்ட தண்ணீர் மென்மையானது என்பதால் சாயம் சீராக ஏறுகிறது, ஷேடு மாறுவதில்லை. லாரித் தண்ணீரையும் 2005-க்குப் பிறகு பவானியிலிருந்து குழாயில் வந்த தண்ணீரையும் காசு கொடுத்து வாங்கியவர்கள் இப்போது தங்கள் சொந்தக் கழிவையே விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரி, கொட்டகைக்குள் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது என்ன? கலப்பு உப்பு. இரண்டு மூன்று உப்புகளும் சாயத்தின் எச்சமும் கலந்து, எதற்கும் உதவாத மிச்சம். கொட்டவும் முடியாது, மழையில் நனையவும் விடக் கூடாது. கசட்டைச் சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. இந்த உப்பை எடுக்க ஆள் இல்லை. ஒரு சொட்டும் வெளியேறுவதில்லை என்பதற்கு அர்த்தம், வெளியேற வேண்டியது இங்கே சாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். இருந்தும் இந்த ஊர் செய்திருப்பது சாதாரண வேலையில்லை என்றே சொல்வேன். ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற நகரம், தன் சாயக்கழிவின் பெரும்பகுதியை ஆற்றில் விடாமலேயே அந்த வியாபாரத்தைச் செய்கிறது. நிலையத்தில் இணையாமல் ராத்திரியில் சாக்கடையில் திறந்துவிடும் சின்னப் பட்டறைகள் இன்னும் பிடிபடுகின்றன. அது வேறு விஷயம்.

அப்படியானால் திருப்பூரைத் தாண்டும் நொய்யல் தெளிவாக இருக்க வேண்டுமே? ஜம்மனை ஓடை ஆற்றில் விழும் இடத்தில் போய் நின்றோம். சாயம் இல்லை, சாம்பல் நிறச் சாக்கடை. கோழிக்கடைக் கழிவு மூட்டைகள், தெர்மாகோல், பனியன் வெட்டுத்துண்டுகள். நீதிமன்றம் பட்டறைக்குப் பூட்டுப் போட முடிந்தது, மின்சாரத்தைத் துண்டிக்க முடிந்தது. பல லட்சம் பேர் வாழும் மாநகரத்தின் குளியலறைக் குழாயை எந்த நீதிபதி துண்டிப்பார்? உள்ளாட்சிகள் 3 ஆண்டுக்குள் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தாக வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜம்மனை ஓடை அந்த உத்தரவைப் படிக்கவில்லை.

திருப்பூருக்குக் கிழக்கே ஊர்கள் கலைந்து வானம் பெரிதாகிறது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், பனைமரம், காங்கேயம் மாடு. ஒரத்துப்பாளையம் அணை அங்கேதான் இருக்கிறது. 40 அடி உயரம். ஈரோடு, கரூர் பக்கம் 10 ஆயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் தர 1992-ல் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே மதகைத் திறக்காதீர்கள் என்று போராடினார்கள். தேங்கிய தண்ணீர் மண்ணில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்ற நிலைமை வேறெங்காவது வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் போனபோது மதகுகள் திறந்தே கிடந்தன. நீர்ப்பரப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சீமைக்கருவேலம்; நடுவில் ஓர் ஒற்றையடி ஓட்டம்.

அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டோம். “பாருங்க கண்ணு, பாக்கறதுக்கென்ன. குடிக்க மட்டும் கேக்காதீங்க” என்றார். கிணற்றில் தண்ணீர் பளிங்குபோல இருந்தது. பம்புசெட் தொட்டியின் விளிம்பில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு. நகத்தால் பெயர்த்து நாக்கில் வைத்தேன். கரித்தது, பின்னால் ஒரு கசப்பு. வரப்போரம் மண்ணிலும் அதே வெள்ளை பூத்திருந்தது.

“மொதல்ல செகப்பா வந்துச்சு, அப்பொறம் நீலமா வந்துச்சு. எந்தக் கலர்ல வருதோ அந்த வருசம் சீமையில அந்தக் கலரு பனியன் போடறாங்கன்னு சிரிச்சுக்குவோம். ஒரு நாளைக்கு வெள்ளையா வந்துச்சு கண்ணு. கெரகம் தீந்துதுன்னு நெனச்சு வாய்க்கால்ல திருப்பி உட்டாரு எங்க வூட்டுக்காரரு. தென்ன மரம் அத்தனையும் அப்பத்தான் காஞ்சுது.”

சுண்ணாம்பு கலந்து நிறம் எடுத்த காலத்துக் கதை அது. பொறியாளர்கள் வரைபடம் போட்டு விளக்குவதைவிட எனக்கு இது நன்றாகப் புரிந்தது. மஞ்சளும் நெல்லும் விளைந்த நிலம் இப்போது ஆட்டுக்கும் மாட்டுக்குமான சோளத்தட்டுக்கு மட்டும் என்றார். நல்ல மழை பெய்த வருடங்களில் கிணறு கொஞ்சம் தேறுகிறதாம். கரைந்த உப்பின் அளவைத்தான் டி.டி.எஸ். என்பார்கள்; ‘டி.டி.எஸ். எவ்வளவுங்க’ என்று இந்தப் பக்கத்தில் படிக்காதவர்கள்கூடக் கேட்கிறார்கள். நஷ்டஈடு வந்ததா என்றேன். இழப்பீட்டு ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஒதுக்கியது மொத்தம் 25 கோடி ரூபாய்க்குள்தான். தலைக்கு வகுத்தால் சராசரியாக 9 ஆயிரம்கூட வராது. “வந்துச்சுங்க. அந்த வருசமே செலவாயிருச்சு” என்று தழையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பக்கத்திலேயே கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றங்கரையில் இரும்பு உருக்கி, சூதுபவளத்திலும் பளிங்கிலும் மணி செய்து ரோம் வரைக்கும் வியாபாரம் பேசியவர்களின் ஊர். தொழிலும் ஏற்றுமதியும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதே இல்லை. அகழ்வாய்வு நடந்த இடத்தில் வெயில் தாங்கவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

நொய்யல் கிராமத்தில் ஆறு காவிரியைத் தொடும்போது சத்தமே இல்லை. காவிரி அகலமாக, அசட்டையாக அதை வாங்கிக்கொள்கிறது. இதற்குக் கீழே எத்தனையோ ஊர்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரி மணலில்தான் கிணறு போட்டிருக்கின்றன. கோவைச் சாக்கடையில் நீர்த்துப்போன ஒரு பங்கை அவர்களும் குடிக்கிறார்கள்.

என் முடிவு இதுதான். சாயப்பட்டறைகளிடம் ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்று கேட்டோம். மிரட்டியும் பூட்டியும் கடன் கொடுத்தும் அதில் பெருமளவு வாங்கிவிட்டோம். அந்தக் கண்டிப்பில் கால்வாசியைக்கூட நம் மாநகராட்சிகளிடம் காட்டவில்லை. காரணம், அங்கே மாசு செய்தவர் நாம். இணைப்புக்கட்டணமும் வரியும் நம் பையிலிருந்து போக வேண்டும். உங்கள் வீட்டுச் சாக்கடை எந்தக் குழாயில் போகிறது, எந்த நிலையத்தில் சுத்தமாகிறது, மிச்சம் எந்த ஆற்றில் விழுகிறது என்று உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.